பத்துக்கு ஒன்பது வாங்கிய பீர்

நான் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமல் பீருக்கு மார்க் போட்டவன். சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், எனக்கு ஆட்சேபமில்லை. மீதியையும் கேட்டபின் யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை.

எங்கள் குடும்பத்துக்கு ஸ்ரீரங்கம் கோயில் மடப்பள்ளியில் முறை உண்டு. மாதத்தில் சில நாட்கள் அப்பா தளிகை பண்ணுவார், நான் கூடமாட ஒத்தாசைக்கு நிற்பேன். பெருமாள் அமுது செய்வதற்கு முன் எதையும் நாக்கில் வைக்கக் கூடாது. உப்புப் பார்ப்பது என்ற பேச்சே அங்கே கிடையாது. முகர்ந்து பார்ப்பதும் தப்புதான். ஆனால் அடுப்புக்கு எதிரே நிற்பவன் மூச்சை எங்கே கொண்டுபோய் வைப்பான்? ஆவி தானாக மூக்கில் ஏறும். கொதிக்கிற சத்தத்திலும் கரண்டியில் ஒட்டுகிற பதத்திலும் அப்பாவுக்கு எல்லாம் தெரிந்துவிடும். "நாக்கு எதுக்குடா? அது சாப்பிடறதுக்கு" என்பார். அவர் கையில் உப்புத் தப்பி நான் கண்டதில்லை. அந்தக் கர்வம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

காலேஜ் படிப்பு பாதியில் நின்றபின், திருச்சி கண்டோன்மெண்டில் ஒரு சீமைச் சரக்குக் கடையில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். பிஸ்கட், ஜாம், பீர், பிராந்தி எல்லாம் விற்கும் கடை. வீட்டில் பிஸ்கட் கடை என்று சொல்லியிருந்தேன். முழுப் பொய் இல்லை, பிஸ்கட்டும் இருந்தது.

முதலாளி சுத்த சைவம். விற்பதெல்லாம் பீர், ஆனால் பாட்டிலைத் தொட்டால் கையைக் கழுவுவார். கப்பலில் வரும் பீர் வெயிலில் கெட்டுப் போயிருந்தால் அவருக்குத் தெரியாது, வாங்கிப் போகிற துரைகள் வந்து சத்தம் போட்டால்தான் தெரியும். ஒரு நாள் அப்படித் திரும்பி வந்த பாட்டிலைத் திறந்தபோது, நான் நாலு முழம் தள்ளி நின்றபடியே, "இது பழசுங்க, நனைஞ்ச அட்டை வாசனை வருது" என்றேன். பெட்டியைப் பார்த்தால் உண்மையிலேயே பழைய சரக்கு. அன்று முதல், "சாமி, இனிமே நீங்கதான் ருசி பார்த்துச் சொல்லணும்" என்று கிளாஸை என் கையில் கொடுக்க ஆரம்பித்தார். நான் குடிக்கிறவன் என்று அவராக முடிவு கட்டிக்கொண்டார். சம்பளமும் கொஞ்சம் கூடிற்று. நான் மறுக்கவில்லை.

பின்கட்டுக்குப் போவேன். நிறம் பார்ப்பேன். நுரை எவ்வளவு நேரம் நிற்கிறது, உடைகிறபோது என்ன சத்தம் போடுகிறது என்று கேட்பேன். வாசனை பிடிப்பேன். பிறகு சாக்கடையில் ஊற்றிவிட்டு, பெட்டியின் மூடியில் சாக்பீஸால் பத்துக்கு இத்தனை என்று எழுதுவேன். பில்ஸ்னர் என்று ஒரு வகை வரும். புது வைக்கோல் நிறம், வெள்ளை நுரை, வேப்பம்பூவை நெய்யில் வறுத்தாற்போல் ஒரு கசப்பு வாசனை. அதற்குத்தான் அதிகம் மார்க் போடுவேன். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

ஐரோப்பாவில் சண்டை வந்ததும் பில்ஸ்னர் நின்றுபோயிற்று. அப்போதுதான் அந்த டிரைவர் கடைக்கு வந்தார். பொன்மலைப் பக்கம் குடியிருந்த ஆங்கிலோ இந்தியர், ரயில் எஞ்சின் ஓட்டியவர். கரித்துண்டு தெறித்து இடது கண் போனதால் பென்ஷன் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வீட்டிலேயே பில்ஸ்னர் காய்ச்சுவதாகச் சொன்னார். முதலாளிக்கு வாயெல்லாம் பல். "எங்க சாமி வந்து ருசி பார்ப்பாருங்க. அவர் சரின்னா சரி" என்று என்னைக் கைகாட்டினார்.

சித்திரைக் கடைசியில் போனேன். வீட்டுக்குப் பின்னால் ஒரு இருட்டறை, சுற்றிலும் ஈரச் சாக்கு, நடுவே உமியும் ஐஸும் கொட்டிய பள்ளம், அதற்குள் பீப்பாய். ஒரு கிளாஸ் பிடித்து ஜன்னலோரம் என்னிடம் கொடுத்தார்.

"டைபாய்டு வந்ததிலேர்ந்து என் நாக்குல ஒண்ணும் தெரியல மேன். இனிப்பு அளக்கற கண்ணாடிக் குழாயும் ஒடஞ்சு போச்சு. என் கூட்டாளிங்களைக் கேட்டா வெந்நீர் குடுத்தாலும் நல்லாருக்கும்பானுங்க. நீ சொல்லு. இனிப்பு பூரா போச்சா?"

"இனிப்பு இருந்தா என்ன சார்?"

"இருந்தா பாட்டில்ல அடைக்கக் கூடாது. இன்னும் வேலை முடியலைன்னு அர்த்தம். மூடினா உள்ள காத்து ஏறும். பாய்லர் மாதிரி ஏறிக்கிட்டே போவும்."

நிறம் பிரமாதம். நுரை மல்லிகைப்பூ இட்லிபோல் நின்றது. வேப்பம்பூ வாசனை அப்படியே. ஆனால் இனிப்பை மூக்கு எப்படிச் சொல்லும்? ஒரு வாய் குடித்தால் போதும். குடித்துவிட்டு மடப்பள்ளிப் படி ஏற எனக்குத் துணிவில்லை. நான் குடிப்பதில்லை என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லி வேலையை விடவும் துணிவில்லை. அங்கே பின்கட்டும் இல்லை, சாக்கடையும் இல்லை. அதனால் அவருடைய கண் தெரியாத பக்கமாக நகர்ந்து நின்றேன். ஜன்னலோரம் இருந்த குரோட்டன்ஸ் தொட்டியில் கிளாஸைக் கவிழ்த்தேன். வாயைத் துடைத்துக்கொண்டேன்.

"பத்துக்கு ஒன்பது சார்."

"இனிப்பு?"

"சுத்தமா இல்ல."

அவர் என் தோளைத் தட்டினார். அந்தக் கையின் கனம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. அன்றே பாட்டில்களில் ஊற்றி, கம்பி போட்ட பீங்கான் மூடிகளை அழுத்தி மூடினார். கடைக்கு மாதிரியாக இரண்டு பாட்டில் என்னிடம் கொடுத்தனுப்பினார். முதலாளி அவற்றை ஐஸ் பெட்டியில் வைத்தார்.

நாலு நாள் கழித்து, கத்திரி வெயிலில், லேபிள் விஷயமாக மறுபடி போனேன். முதலில் கண்ணில் பட்டது அந்தத் தொட்டிதான். விளிம்பு முழுக்கச் சிற்றெறும்பு. சுவர் இடுக்கிலிருந்து சாரை சாரையாக வந்து, நான் ஊற்றிய மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தன. கசந்த பீருக்கு எறும்பு வராது. அப்படியானால் இனிப்பு போகவே இல்லை.

இருட்டறையில் ஐஸ் இல்லை. அந்த வாரம் அவருக்கு வரவேண்டிய ஐஸ் பட்டாளத்துக்குப் போய்விட்டதாம். வரிசையாக நின்ற பாட்டில்களிலிருந்து சின்னச் சின்னச் சத்தம் வந்தது. மூடி ரப்பர் முனகுகிற சத்தம். பொங்கப் போகும் பானையின் மூடி எப்படிப் பேசும் என்று தெரிந்த காது என்னுடையது.

"கேக்குதா மேன்? உயிரோட இருக்கு" என்று அவர் சிரித்தார்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். மூடிகளைத் திறந்துவிடுங்கள் என்ற ஒரு வார்த்தை போதும். ஏன் என்று கேட்பார். அன்றைக்கு இல்லை என்றாயே என்பார். மறுநாளிலிருந்து மூன்று நாள் எங்கள் முறை. முறை முடிந்ததும் வந்து ஒரு வாய் குடித்துவிட்டு, பிராயச்சித்தம் எதுவானாலும் பண்ணிக்கொண்டு, உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். மூன்று நாளில் என்ன முழுகிவிடப் போகிறது?

அந்த மூன்று நாளும் மடப்பள்ளியில் எந்தப் பானை பொங்கினாலும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னடா இது, பேயறைஞ்சவன் மாதிரி நிக்கறாய்?" என்றார் அப்பா. ஒன்றுமில்லை என்றேன். பொய் எனக்குப் பழகிவிட்டிருந்தது.

நாலாம் நாள் கடைக்குப் போனபோது முதலாளி வாசலிலேயே நின்றார். "சாமி, டிரைவருக்கு இன்னொரு கண்ணும் போச்சுங்க" என்றார். ஒரு பாட்டில் வெடித்த சத்தம் கேட்டு, மற்றவற்றைக் காப்பாற்ற உள்ளே போயிருக்கிறார். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறார். நல்ல கண்ணுக்கு நேராக.

ஐஸ் பெட்டியிலிருந்த இரண்டு பாட்டிலில் ஒன்றைப் பின்கட்டுக்கு எடுத்துப் போனேன். மூடியைத் தளர்த்தியதும் பாதி பீர் சுவரில் அடித்தது. மீதியைக் குடித்தேன். என் வாழ்க்கையில் முதல் வாய். முதலில் கசப்பு. அதற்கு அடியிலேயே, நாக்கில் பட்டவுடன், பானகம்போல் இனிப்பு. குழந்தைகூடச் சொல்லிவிடும். பத்துக்கு மூன்றுகூடத் தேறாது.

அந்த வாயோடுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டு கண்ணிலும் கட்டு. என் குரல் கேட்டதும் கையை நீட்டித் துழாவினார்.

"நீ குடிச்சியே, அப்ப இனிப்பு இல்லதானே மேன்?"

"இல்ல சார்" என்றேன்.

"அப்போ பாட்டில்தான் மோசம்" என்றார், ஏதோ நிம்மதி வந்தவர்போல. என் மூச்சில் பீர் வாசனை அவருக்கு எட்டியிருக்க வேண்டும். லேசாகச் சிரித்தார். என் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. எந்தப் பக்கம் நகர்ந்து நிற்பது என்று அன்று நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.