எல்லாருக்கும் சொல்லியாச்சோ?

என் நண்பன் கேதீஸ் போய்விட்டான் என்ற செய்தி எனக்குக் கைபேசித் திரையில் வரவில்லை. அவன் மனைவி மாலினியின் குரலில் வந்தது. காலை நேரம். அவர் சொல்லிக்கொண்டிருக்க, எதிர்வீட்டு இரும்புப் படிக்கட்டு மெல்ல மெல்லப் பனிக்குள் மறைவதைப் பார்த்தபடி நின்றேன். தூக்கம் இன்னும் கலையாததுபோல இருந்தது.

அவனை அறிந்த உங்களுக்கு, நாங்கள் இருவரும் சேர்ந்து நடத்திய மரண அறிவித்தல் இணையப் பக்கமும் தெரிந்திருக்கும். வார நாட்களில் சென்ட் லோரன்ட் பகுதியில் ஒரு நிறுவனத்துக்கு மென்பொருள் எழுதுவோம், சனிக்கிழமைகளில் இது. எனக்கு வேகப் பைத்தியம். படமும் பெயரும் வந்த கையோடு அறிவித்தல் உலகம் முழுக்கப் போய்விட வேண்டும், மற்றப் பக்கங்களை முந்த வேண்டும். முந்தவும் செய்தோம். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

ஒரு கோடையில் நானும் அவனும் ஜான்-டலோன் சந்தையில் நின்றோம். பக்கத்தில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண் கைபேசியைப் பார்த்துவிட்டு அப்படியே ஒரு மரப்பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். திரையில், யாழ்ப்பாணத்திலிருந்த அவருடைய தம்பியின் படம். எங்கள் அறிவித்தல். வீட்டார் யாரும் அவருக்கு இன்னும் சொல்லியிருக்கவில்லை. கேதீஸ் அவருக்கருகே குந்தியிருந்தான். வெயிலில் தக்காளிகள் மினுங்கின. சனம் எங்களைச் சுற்றி ஆறுபோல ஓடிக்கொண்டிருந்தது.

மெத்ரோ ரயிலில் திரும்பும்போது ஒன்று மட்டும் கேட்டான். "நாங்கள்தான் முந்தினது. ஆருக்கு உதவினது?"

அடுத்த சனிக்கிழமை புதிதாக ஒன்றைச் செய்துகொண்டு வந்தான். அறிவித்தல் வெளியாகும் முன், குடும்பத்தாரிடம் எங்கள் இணையப் பக்கமே ஒரு கேள்வி கேட்கும்: 'சொல்ல வேண்டிய எல்லாருக்கும் சொல்லியாச்சோ?' 'ஓம்' என்று அழுத்தும்வரை அது காத்திருக்கும். நான் கொதித்தேன். எல்லாரும் எங்களை முந்திவிடுவார்கள், பிறகு யார் இந்தப் பக்கம் வருவார்கள் என்று சண்டை பிடித்தேன்.

"முந்தட்டும். செத்த ஆள் எங்கையும் ஓடப் போறேல்லை" என்று சிரித்தான்.

கொஞ்சப் பேர் எங்களை விட்டுப் போகத்தான் செய்தார்கள். அவன் அசையவில்லை. அவன் சிரித்தால் என் கோபமும் நிலைக்காது. அந்தச் சிரிப்பு இனி இல்லை என்பதை மனம் ஏற்க மறுக்கிறது.

மாலினி அன்று கேதீஸின் அறிவித்தலை எழுதி முடித்து, அந்தக் கேள்வியில் வந்து நின்றிருக்கிறார். அதனால்தான் என்னை அழைத்தார்.

"உங்களுக்குச் சொல்லாமல் ஓம் எண்டு அழுத்த மனம் வரேல்லை, அண்ணை. இனி அழுத்தட்டோ?"

வேகம், வேகம் என்று கத்திய நான், "கொஞ்சம் பொறுங்கோ" என்றேன்.

அவர் பொறுத்தார். அவர் வீட்டு ஜன்னலிலும் பனி கொட்டிக்கொண்டிருந்திருக்கும். அவ்வளவு நேரமும் உலகத்துக்குக் கேதீஸ் உயிரோடுதான் இருந்தான். அவனுடையதென்று என்னிடம் மிஞ்சியிருப்பது, அவன் செய்து தந்த அந்தக் கொஞ்ச நேரம்.