நாட்டுப் பெயர்ப் பாடமும் மாடி வீடும்

கென்யாவுக்கு முன்னால் 'தி' வராது. பிலிப்பைன்ஸுக்கு வரும். இந்தியாவுக்கு வராது, நெதர்லாந்துக்கு வரும். இதை நான் நாமக்கல்லில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் நின்றுகொண்டு பல வருஷமாகச் சொல்லி வருகிறேன். வெளியே 'பேச்சு ஆங்கிலப் பயிற்சி' என்று போர்டு தொங்கும். உள்ளே ஒரு வெள்ளைப் பலகை, கொஞ்சம் பிளாஸ்டிக் நாற்காலிகள், சத்தம் மட்டும் போட்டுக் காற்றுத் தராத ஒரு ஃபேன். மாணவர்கள் என்றதும் சின்னப் பிள்ளைகளை நினைத்துவிடாதீர்கள். போர்வெல் போடும் ரிக் வண்டியோடு ஆப்பிரிக்காவுக்குப் போகிறவர்கள், வளைகுடாவுக்குக் கிளம்பும் லாரி டிரைவர்கள், முட்டை ஏற்றுமதி கம்பெனிகளில் போன் எடுக்கும் பெண்கள். பாதிப் பேருக்கு என் வயது இருக்கும்.

ஆங்கிலத்தில் எத்தனையோ பாடம் இருக்க, இந்த ஒரு பாடம் வந்தாலே எனக்குத் தலைவலி வந்துவிடும். கென்யாவில் இருப்பவர் கென்யன், இந்தியாவில் இருப்பவர் இந்தியன். சரி, ஒரு வழிக்கு வந்துவிட்டது என்று நிமிர்ந்தால், நெதர்லாந்தில் இருப்பவர் டச்சு. சீனாவில் இருப்பவரை 'எ சைனீஸ்' என்று சொன்னால் மரியாதை இல்லை, 'சைனீஸ் பெர்சன்' என்று சொல்ல வேண்டும். கென்யனை அப்படியே சொல்லலாமாம், சைனீஸுக்கு மட்டும் ஒரு பெர்சன் துணைக்கு வேண்டுமாம். யார் வைத்த சட்டம் இது? வைத்தவர்கள் நன்றாக இருக்கட்டும். பலகைக்கு முன்னால் நின்று திட்டு வாங்குவது நான்.

"ஏனுங்க மேடம், கென்யாவுக்குத் 'தி' போடக்கூடாதுங்கறீங்க, பிலிப்பைன்ஸ்காரங்க மட்டும் என்னத்தப் பெருசாப் பண்ணிப்போட்டாங்க?" என்று கேட்டார் ஒருவர்.

"அது தீவுத் தீவா இருக்கிற நாடுங்க. துண்டு துண்டா இருக்கிறதைச் சேர்த்து ஒரே பேர் வச்சா 'தி' வரும்" என்றேன்.

"அப்படிப் பார்த்தா நம்ம நாடும் துண்டு துண்டாக் கெடந்து சேர்ந்ததுதானுங்களே?"

வகுப்பே சிரித்தது. "எழுதுங்க, எழுதுங்க" என்று பலகையைத் தட்டினேன். பதில் தெரியாத ஆசிரியர்கள் எல்லாரும் செய்வதுதான் அது.

கேட்டவர் சொந்தமாக ரிக் வைத்திருப்பவர். நாற்பதைத் தொட்டிருந்தார். கென்யாவுக்குப் போய்க் கிணறு போடுவதற்கு எல்லாம் முடிவாகிவிட்டது, ஆங்கிலம்தான் பாக்கி. நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மனம் வராமல் போனாலும் போகலாம்.

அந்தச் சமயத்தில் நாங்கள் வீடு தேடிக்கொண்டிருந்தோம். வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் மகனுக்குக் கல்யாணம் வைத்துவிட்டார், வீட்டைக் கேட்டார். அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் என் மகள் அப்போது பிளஸ் டூ. பள்ளிக்கூடம் நடந்து போகும் தூரம். பரீட்சை வருஷம் முழுவதும் அவள் அப்படியே நடந்து போய் நடந்து வர வேண்டும், எனக்கு வேறு எதுவும் வேண்டாம். அதற்காகத்தான் சேலம் ஜங்ஷனில் பார்சல் ஆபீஸில் வேலை பார்க்கும் என் கணவர் தினமும் நாமக்கல்லிலிருந்து பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தைச் சுற்றி 'டு-லெட்' போர்டுக்குக் குறைவில்லை. சாயங்காலம் வகுப்பு முடிந்ததும் மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

எல்லாக் கதவுகளிலும் ஒரே கேள்விதான்.

"எந்தூருங்க நீங்க?"

"தம்மம்பட்டிங்க."

"பேச்சு நம்ம பக்கம் இல்லியேன்னு பார்த்தேன். தம்மம்பட்டில எங்கீங்க?"

"பஸ் ஸ்டாண்டுக்குக் கிழக்காலங்க."

"கிழக்காலன்னா, எந்தக் கோயிலுக்குப் பக்கம்?"

இப்படியே போகும். கோயில் முடிந்தால் தெரு, தெரு முடிந்தால் குலசாமி. எல்லாம் வாய் நிறைய 'ங்க' போட்டு, மரியாதை துளியும் குறையாமல். நேராக என்ன சாதி என்று கேட்டுத் தொலைத்தால் எனக்கும் நேரம் மிச்சம், அவர்களுக்கும் மிச்சம். சுற்றி வளைத்து மூக்கைத் தொடுவதில் அவர்களுக்கு ஒரு திருப்தி. இந்தப் பக்கத்து ரிக் வண்டிகள் தண்ணீர் வரும் வரை துளைக்கும், வீட்டுக்காரர்கள் சாதி வரும் வரை துளைப்பார்கள். நாங்கள் காலனிக்காரர்கள். அது தெரிந்த அடுத்த நிமிஷமே வீட்டுக்காரரின் மச்சான் அந்த வீட்டுக்குக் குடிவர முடிவு செய்துவிடுவார். அந்த மாதம் நாமக்கல்லில் எத்தனை மச்சான்கள் வீடு மாறினார்களோ, கடவுளுக்கே வெளிச்சம்.

இதில் எனக்கு இன்னொரு எரிச்சல். காலையில் வகுப்பில் நான் சொல்லிக்கொடுப்பதும் இதே கேள்வியைத்தான். "வேர் ஆர் யூ ஃப்ரம்?" சத்தமாகக் கேளுங்கள், சிரித்த முகத்தோடு கேளுங்கள், புது ஆளோடு பேச்சைத் தொடங்க இதைவிட நல்ல கேள்வி கிடையாது என்று நானே சொல்லியிருக்கிறேன்.

"ஏம்மா, வேற தெருப் பேரைச் சொன்னா என்ன?" என்று ஒரு நாள் திரும்பி வரும் வழியில் மகள் கேட்டாள். "யாரு தம்மம்பட்டி வரைக்கும் போய்ப் பார்க்கப் போறாங்க?"

"முழுப் பூசணிக்காயை எத்தனை நாளைக்குச் சோத்துல மறைக்கிறது? நம்ம சொந்தக்காரங்க யாரும் வீட்டுக்கே வரக் கூடாதா?" என்று அவள் மேல் பாய்ந்தேன். பாவம், அவள் என்ன செய்வாள்! வீட்டுக்காரர்களிடம் காட்ட முடியாத கோபத்தை எல்லாம் அவள்தான் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

நான் வீடு தேடும் விஷயம் வகுப்பிலும் தெரிந்துபோனது. ரிக்காரர் உடனே எழுந்துவிட்டார்.

"நம்மூட்டு மாடி சும்மாத்தானுங்க மேடம் கெடக்குது! பாப்பா பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடித் தெருதான். நாளைக்கே வாங்க, பாருங்க, புடிச்சிருந்தாச் சாமானை ஏத்துங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. எதையும் கேட்காமல் ஒரு மனிதர் வீடு தருகிறேன் என்கிறாரே!

மறுநாள் மூன்று பேரும் போனோம். மாடியில் இரண்டு அறை, கிழக்கே பார்த்த ஜன்னல், தண்ணீருக்குக் குறைவில்லை. ரிக்காரர் வீட்டில் தண்ணீர் இல்லாமல் இருக்குமா? மகள் ஜன்னல் பக்கம் போய் நின்று, "இங்க என் டேபிளைப் போட்டுக்கிறேன்மா" என்றாள். அங்கிருந்து பள்ளிக்கூடத்தின் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. கீழே இறங்கி வந்ததும் ரிக்காரரின் மனைவி எங்களை ஹாலில் உட்கார வைத்தார். காபிக்காக எவர்சில்வர் டம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டே பேச்சுக் கொடுத்தார்.

"மேடத்துக்கு எந்தூருங்க?"

பழைய பாதைதான். தம்மம்பட்டி, கிழக்கால, கோயில். மூன்றாவது கேள்வியில் எனக்குச் சலித்துப்போய்விட்டது. "காலனிங்க" என்று நானே சொன்னேன். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "அப்படீங்களா? இருங்க, காபி கொண்டாரேன்" என்று தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். காபி பேப்பர் கப்பில் வந்தது. ரிக்காரருக்கு மட்டும் டம்ளர். அவர் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை, கென்யாவில் எத்தனை அடியில் தண்ணீர் வரும் என்று என் கணவரிடம் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மகள் கப்பைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் குடித்தேன். நல்ல காபி.

அன்று சாயங்காலமே போன் வந்தது. "மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க, எங்க மச்சான் குடி வாராருங்களாம். ஊட்டுல இப்பத்தான் சொன்னாங்க."

"பரவாயில்லைங்க" என்று சொல்லிவிட்டு போனைக் கட்டிலில் எறிந்தேன்.

வெளிநாடு போகிறவர்களுக்குக் கடைசி வகுப்பில் ஒரு ஒத்திகை வைப்பேன். என் மேஜைதான் விமான நிலையக் கவுன்டர், நான்தான் குடியேற்ற அதிகாரி. கையில் ஒரு பழைய ரப்பர் ஸ்டாம்ப் வைத்திருப்பேன். ரிக்காரர் முறை வந்தது. வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தி வந்திருந்தார்.

"வாட் இஸ் யுவர் நேஷனாலிட்டி?"

"ஐ ஆம் அன் இந்தியன், மேடம்." 'அன்' கூடச் சரியாக வந்துவிட்டது.

அத்தோடு ஸ்டாம்பைக் குத்தியிருக்க வேண்டும். என் கை போகவில்லை. பேப்பர் கப் கண் முன்னால் வந்து நின்றது.

"வேர் இன் இந்தியா?" என்றேன். தமிழ்நாடு என்றார். தமிழ்நாட்டில் எங்கே என்றேன். நாமக்கல் என்றார். நாமக்கல்லில் எங்கே? தெருவைச் சொன்னார். தெருவில் எந்தக் கோயில் பக்கம்? சிரித்துக்கொண்டிருந்த வகுப்பில் முட்டை கம்பெனிப் பெண்தான் முதலில் சிரிப்பை நிறுத்தினாள். "வாட் இஸ் யுவர் ஃபேமிலி காட்?" என்று கேட்டபோது என் குரல் எனக்கே பிடிக்காமல் போயிருந்தது.

ஏதாவது ஒரு கேள்வியில் அவர் நின்றுவிடுவார், நின்று என் முகத்தைப் பார்ப்பார் என்று காத்திருந்தேன். நிற்கவே இல்லை. குலசாமியின் பெயரை நெஞ்சு நிமிரச் சொன்னார். குலத்தில் எந்தக் கூட்டம், எந்த மாசம் பொங்கல் வைப்பார்கள் என்று நான் கேட்காததையும் சேர்த்து, தட்டுத்தடுமாறி ஆங்கிலத்திலேயே சொல்லி முடித்தார். எவ்வளவு ஆழம் தோண்டினாலும் பயப்பட அவருக்கு அங்கே ஒன்றுமே இல்லை. கேட்ட எனக்குத்தான் வேர்த்துக் கொட்டியது. ஸ்டாம்பைக் குத்தி, "நெக்ஸ்ட்" என்றேன். "போயிட்டு வாரேனுங்க மேடம்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

நாங்கள் சேலம் ஜங்ஷன் பக்கத்தில் சூரமங்கலம் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் போய்விட்டோம். ரயில்வே யாரையும் எந்தக் கோயில் பக்கம் என்று கேட்பதில்லை, என்ன கிரேடு என்று மட்டும் கேட்கும். மகளின் பள்ளிக்கூடத்தை மாற்ற முடியாத வருஷம் அது. அதனால் இருட்டு விலகும் முன்பே நானும் மகளும் டவுன் பஸ் ஏறிப் புது பஸ் ஸ்டாண்டுக்குப் போய், அங்கிருந்து நாமக்கல் பஸ்ஸைப் பிடிப்போம். இடம் கிடைத்தால் மடியில் கெமிஸ்ட்ரி புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு தூங்கிவிடுவாள். மல்லூர் தாண்டுவதற்குள் தலை என் தோளில் இருக்கும். புத்தகம் கீழே விழாமல் பிடித்துக்கொண்டு வருவது என் வேலை. கணவர் நாமக்கல்லிலிருந்து சேலம் போய் வந்தது போய், இப்போது நாங்கள் சேலத்திலிருந்து நாமக்கல் போய் வந்தோம். என்ன பிழைப்பு இது என்று தினமும் ராசிபுரம் வரும்போது மனதுக்குள் திட்டுவேன். யாரை என்றுதான் தெரியாது.

அப்படி ஒரு காலையில் பஸ்ஸில் போன் அடித்தது. ஏதோ வெளிநாட்டு நம்பர்.

"மேடம்! வந்து சேர்ந்துட்டேனுங்க!" ரிக்காரர்தான். பஸ் முழுக்கக் கேட்கும் குரல். "நீங்க அன்னைக்கு அத்தன கேள்வி கேட்டுப் பழக்கி உட்டீங்க. நானும் தெரு, கோயிலு, குலசாமி வரைக்கும் மனப்பாடம் பண்ணிட்டுப் போனேனுங்க. இங்க என்னடான்னா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. இந்தியன்னேன். சீல் குத்தி வெல்கம்னுட்டாங்க!"

மகள் விழித்துவிடப் போகிறாள் என்று போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"இவ்வளவு பெரிய நாட்டுக்குள்ள போறதுக்கு அவ்வளவுதானுங்களா மேடம்?"

"அவ்வளவுதாங்க" என்றேன். பிறகு கேட்க வேண்டாம் என்று நினைத்ததைக் கேட்டுவிட்டேன். "மாடிக்கு உங்க மச்சான் வந்துட்டாருங்களா?"

"எந்த மச்சானுங்க?" என்றார். அடுத்த நொடியே, "அட, இல்லீங்க மேடம், அது பூட்டியேதான் கெடக்குது" என்றார், மழை பெய்யவில்லை என்று சொல்கிற மாதிரி. அங்கே யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டார்.

பஸ் பள்ளிக்கூட ஸ்டாப்பில் நின்றது. புத்தகத்தை மூடிவிட்டு மகளை எழுப்பினேன்.