கௌவும் என்ரை காதும்

எனக்குச் சீனத்திலை ஒரேயொரு சொல்லுத்தான் முழுசாத் தெரியும். அதைப் பெருமையாத்தான் சொல்லுறன். ஒரு மொழியை அரைகுறையாத் தெரிஞ்சவை ஊர் முழுக்க இருக்கினம். ஒரு சொல்லை அடி நுனி தெரிஞ்சவை எத்தினை பேர்? என்ரை சொல்லு 'கௌ'.

ஊரிலை நான் பாட்டு ரீச்சர். பதினொரு வருஷம் யாழ்ப்பாணத்திலை ஒரு பொம்பிளைப் பிள்ளையளின்ரை பள்ளிக்கூடத்திலை படிப்பிச்சனான். சந்தையிலை மீன் விக்கிற மனிசிகூட "ரீச்சர், இண்டைக்கு நல்ல பாரை கிடக்கு" எண்டுதான் கூப்பிடுவா. மொன்றியலிலை வந்து இறங்கின அண்டையோடை அந்தச் சொல்லுப் போச்சு. அகதி விண்ணப்பம் குடுத்த கந்தோரிலை நான் ஒரு இலக்கம். பஸ்ஸிலை 'மடாம்'. என்ரை மனிசனுக்கு எப்பவும்போலை 'இஞ்சேரும்'. ஒண்டரை வருஷமா ஒரு சீவன் என்னை ரீச்சர் எண்டு கூப்பிடேல்லை.

வேலை செய்யிற அனுமதி வந்த கையோடை சென்ட் லோரன்டிலை ஒரு சேட்டுத் தைக்கிற ஃபக்டரியிலை சேந்தன். என்ரை வேலை நூல் வெட்டுறது. தைச்சு முடிஞ்ச சேட்டுகள் மலைபோலை வந்து குவியும். தொங்குற நூல் நுனியளைத் தேடித் தேடி நறுக்கவேணும். காலமை ஏழரைக்குத் தொடங்கினா நாலு மணிக்கு விரல் மடங்காது. முதல் நாள் வந்து கையைச் சுடுதண்ணியிலை வைச்சுக்கொண்டு இருக்கேக்கை மனிசன் பகிடியாச் சொன்னார், "உம்மடை சரிகமவை வைச்சு இங்கை நூல்தான் வெட்டலாம்."

பகிடிதான். ஆனா எனக்கு நெஞ்சிலை தைச்சுப்போட்டுது. "கழுதைக்குத் தெரியுமோ கற்பூர வாசனை" எண்டு திருப்பிக் குடுத்தன், குடுத்துப்போட்டுக் குசினிக்குள்ளை போய் அழுதன். அவர் ஒரு ரெஸ்ரோறன்ரிலை கோப்பை கழுவினவர், அவருக்கும் ஊரிலை வங்கியிலை நல்ல உத்தியோகம். அதை நினைச்சுத்தான் அதுக்கு மேலை ஒண்டும் சொல்லாமல் விட்டன்.

நத்தார், அதுதான் கிறிஸ்மஸ், முடிய ஃபக்டரிக்கு ஓடர் குறையும், அப்ப நூல் வெட்டுறவையைத்தான் முதலிலை வீட்டுக்கு அனுப்புவினம் எண்டு கார்த்திகையிலை கதை அடிபட்டுது. மெசினிலை இருக்கிறவையை அனுப்பமாட்டினம். எனக்கு மெசின் வேணும். ஊரிலை கைமெசினிலை என்ரை சட்டையெல்லாம் நானேதான் தைச்சனான். எடுப்போடை போய்ச் சூப்பவைசரிட்டைக் கேட்டன்.

சூப்பவைசர் ஹொங்கொங்காலை வந்த மனிசி. ஆள் கட்டை, கழுத்திலை நாடாவிலை கத்தரிக்கோல் தொங்கும், குரல் மட்டும் கோயில் மணி. மெசினிலை இருந்த பொம்பிளையள் எல்லாரும் சீனர்தான். அந்த மெசின் இரைச்சலுக்குள்ளை அவ ஒரு தொங்கலிலை நிண்டு கத்துவா, மற்றத் தொங்கலிலை இருக்கிறவள் தலை நிமிர்த்தாமலே விளங்கிக்கொண்டு தைப்பாள். அதாலைதான் எனக்கு மெசின் தரமாட்டன் எண்டா. "உனக்கு எங்கடை கதை விளங்காது. உனக்கெண்டு ஒவ்வொருக்கா ஓடிவந்து கை காட்ட எனக்கு நேரமில்லை" எண்டாவாம். அந்த 'வாம்'ஐ எனக்கு உடைஞ்ச பிரெஞ்சிலை சொன்னவள், நான் இருந்த மேசைக்குப் பக்கத்து மெசின்காரி.

அவளைப் பற்றிச் சொல்லவேணும். சைகோனிலை பிறந்த சீனத்தி, வள்ளத்திலை தப்பி வந்தவள், என்ரை வயசுதான் இருக்கும். அவளின்ரை பிரெஞ்சும் என்ரை பிரெஞ்சும் சேந்தால் ஒரு முழு வசனம் வரும். மத்தியானச் சாப்பாட்டுக்கு நாங்கள் ரெண்டு பேரும் ஒரு மேசை. என்ரை கத்தரிக்காய்க் குழம்புக்கு அவள் உயிரை விடுவாள்.

"என்ன விளங்காது? சூப்பவைசர் நாள் முழுக்கக் கத்துறது ஒரு சொல்லுத்தானே, கௌ, கௌ எண்டு. அதைச் சொல்லித் தா" எண்டன் அவளுக்கு.

அவள் சிரிச்சாள். ஒன்பது விரலைக் காட்டினாள், கௌ. பேந்து குலைச்சுக் காட்டினாள், நாய், அதுவும் கௌ. சுவர் மணிக்கூட்டைக் காட்டிக் கொட்டாவி விட்டாள், கனநேரம், அதுவும் கௌ. நான் இன்னும் கொஞ்சம் கறி போடப்போக, கிண்ணத்தைக் கையாலை பொத்தி "கௌ" எண்டாள், காணும், போதும். தன்ரை பிஞ்சுபோன கம்பளிச் சட்டையின்ரை கையை இழுத்துக் காட்டினாள், பழசு, அதுவும் கௌ!

"அட கோதாரி! ஒன்பதுக்கும் நாய்க்கும் பழஞ்சட்டைக்கும் என்னடி சம்பந்தம்?" எண்டு தமிழிலையே கத்தினன். ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனா கத்தி முடிய முந்தியே என்ரை காது பிடிச்சிட்டுது. எல்லாம் ஒரே கௌ இல்லை. பழசு கீழை கிடக்குது, ஆதார சட்ஜம் மாதிரி, அசையாமல். காணும் எண்டது அதுக்கு மேலை, காந்தாரத்திலை நேரா நிக்குது. ஒன்பது கீழையிருந்து மேலை வழுக்கிக்கொண்டு ஏறுது.

அண்டைக்குப் பின்னேரமே ஒரு அப்பியாசக் கொப்பி வாங்கினன். ஊரிலை பிள்ளையளுக்குச் சுரம் எழுதிக் குடுத்த மாதிரி, கோடு போட்டு, எந்தக் கௌ எந்த உயரம் எண்டு குறிச்சன். பஸ்ஸிலை போகேக்கையும் வாய்க்குள்ளை கௌ, கௌ. பக்கத்திலை இருந்த வெள்ளைக்காரி எழும்பிப் போய் வேறை இடத்திலை இருந்தாள், விசர் எண்டு நினைச்சிருப்பாள்.

ஒரு நாள் சாப்பாட்டு மேசையிலை பயிற்சி செய்யேக்கை ஒரு கௌவைக் கொஞ்சம் உசத்தி, மேல் சட்ஜத்திலை நீட்டி நல்லாப் பாடிப்போட்டன். அவ்வளவுதான். சீனத்தியள் எல்லாரும் மேசையிலை தலையை வைச்சுச் சிரிச்சாளவை. ஒருத்திக்குச் சோறு மூக்காலை வந்துது. என்ன அர்த்தம் எண்டு எத்தினையோ தரம் கேட்டுப் பாத்தன். இண்டுவரைக்கும் ஒருத்தியும் சொல்லேல்லை. அந்த உயரத்துக்கு நானும் பேந்து போகேல்லை.

இன்னொரு கௌவும் இருந்துது. அதைச் சொல்லேக்கை என்ரை சிநேகிதி சிரிக்கேல்லை. மேசையைக் கையாலை அலைமாதிரித் தடவினாள். ஒரு கையை மேலை நீட்டினாள், மற்றக் கையாலை அதைப் பிடிச்சு இழுத்தாள். காப்பாத்திறது. அவளைக் கடலிலை ஒரு கப்பல் ஏத்தினது எண்டு பேந்துதான் விளங்கிச்சுது. 'காணும்' நிண்ட அதே காந்தாரம். நான் கொப்பியை மூடி வைச்சிட்டு அவளின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தன்.

அவள்தான் தன்ரை மெசினிலை இருத்தி, துண்டுத் துணியிலை எனக்குப் பழக்கினவள். கால் பட்ட உடனை அது குதிரைபோலைப் பாஞ்சுது, கைமெசின் எங்கை இது எங்கை! ரெண்டு கிழமை ஒவ்வொரு மத்தியானமும் பல்லைக் கடிச்சுக்கொண்டு இருந்தன், நேராத் தைக்க வந்திட்டுது.

நத்தாருக்கு நாலு நாளுக்கு முந்தி நூல் வெட்டுற ரெண்டு பேருக்குக் கடுதாசி குடுத்தாச்சு. அடுத்தது நான்தான். நான் சூப்பவைசருக்கு முன்னாலை போய் நிண்டன். "எனக்குக் கௌ விளங்கும், மெசின் தாங்கோ" எண்டன். சிநேகிதி மொழிபெயர்த்தாள். மனிசி என்னை மேலும் கீழும் பாத்தா. பேந்து ஏதோ சொன்னா. எல்லா மெசினும் நிண்டுது.

"சுவரைப் பாத்து நில்லு. வாயைப் பாக்கக் கூடாது, கையைப் பாக்கக் கூடாது. அவ சொல்லுவா, நீ என்னெண்டு காட்டவேணும்" எண்டாள் சிநேகிதி. அவளுக்குப் பயம். எனக்குப் பயமில்லை. பதினொரு வருஷம் பிள்ளையளுக்குச் சோதினை வைச்சவள் நான்.

"கௌ."

கீழை. சட்ஜம். நான் என்ரை பழைய சுவெற்றரின்ரை கையைப் பிடிச்சு இழுத்துக் காட்டினன். பின்னாலை "ஆ" எண்டு ஒரு சத்தம்.

"கௌ."

வழுக்கி ஏறினது. வாய்வரைக்கும் ஒன்பது வந்திட்டுது. ஃபக்டரியிலை நாள் முழுக்க அவ கத்துறது ஒன்பதாம் சைசுதானே, வேறை என்ன கேக்கப்போறா? பின்னாலை சிநேகிதி இருமி இருமி ஒன்பது தரம் மேசையிலை தட்டுறாள், பாவம். ஆனா என்ரை காது சொல்லுது, ஒன்பது இதே இடம், நாய் இதே இடம், கனநேரமும் இதே இடம். ஒரு மயிரிழை வித்தியாசமில்லை. தெரியாத ஒண்டைத் தெரிஞ்ச மாதிரிச் சொல்ல எனக்கு ஏலாது. பாட்டிலை அப்பிடிச் சொன்ன பிள்ளையளை வகுப்பு வாங்கிலை ஏத்தி நிக்க விட்டனான்.

எனக்குக் கோவம் வந்திட்டுது. சுவரை விட்டுத் திரும்பினன். ஒன்பது விரலைக் காட்டினன். நல்லாக் குலைச்சும் காட்டினன், சத்தமா. மணிக்கூட்டைக் காட்டிக் கொட்டாவி விட்டன். பேந்து ரெண்டு கையையும் விரிச்சு, "மெம் ஷோஸ்! மெம் ஷோஸ்!" எண்டு கத்தினன். எல்லாம் ஒண்டுதான் எண்டு எனக்குத் தெரிஞ்ச பிரெஞ்சு அவ்வளவுதான். மிச்சத்தைத் தமிழிலை சொன்னன், "தனியச் சொன்னா எனக்கென்ன, உங்கடை அம்மாவுக்கும் விளங்காது. மற்றச் சொல்லையும் சேத்துச் சொல்லுங்கோ!"

வேலை போச்சு எண்டுதான் நினைச்சன். மனிசனுக்கு என்ன சொல்லுறது எண்டு யோசிச்சுக்கொண்டு நிண்டன்.

சூப்பவைசர் எனக்குக் கிட்ட வந்தா. பேந்து "கௌ ஹோ" எண்டா, ஆறுதலா, நிறுத்தி. சைசு கத்தேக்கை பின்னாலை வாற அதே 'ஹோ'தான், ஒன்பதாம் நம்பர். நான் ஒன்பது விரலைக் காட்டினன். அவ தலையாட்டிப்போட்டு மற்றவையின்ரை பக்கம் திரும்பி நெடுகக் கதைச்சா, கொஞ்சப் பேர் தலையைக் குனிஞ்சினம். என்ன சொன்னவ எண்டு சிநேகிதியைக் கேட்டன். "தெரியாமல் அந்தரப்பட்டுத் தைச்சுக் கட்டுக் கட்டாப் பழுதாக்கிறவை என்னட்டைக் கனபேர் இருக்கினம். தெரியாது எண்டு நிண்டு கேக்கிறவள் இப்பதான் ஒருத்தி வந்திருக்கிறாள்" எண்டாவாம். பேந்து, இவளுக்கு இந்தக் காது எங்காலை எண்டு கேட்டாவாம். சிநேகிதி சொல்லியிருக்கிறாள், நான் ஊரிலை ஆர் எண்டு.

வீட்டை வந்து சொன்னன். நான் குளிச்சிட்டு வர, மனிசன் ஆரோடையோ ரெலிபோனிலை "எங்கடை ஆள் இப்ப சீனம் கதைக்கிறா, விளையாட்டில்லை" எண்டு அளந்துகொண்டு நிக்கிறார். ஒரு சொல்லுத்தான் எண்டு நான் திருத்தேல்லை. ஏன் திருத்துவான்?

தை மாதம் மூண்டாவது வரிசையிலை எனக்கு மெசின் கிடைச்சுது. கொலர் தைக்கிறது. முதல் நாள் தலை நிமிராமல் தைச்சுக்கொண்டு இருக்கிறன், பின்னாலை ஆரோ "லோசி!" எண்டு கூப்பிட்டுது. எனக்குத் தெரிஞ்சது கௌ ஒண்டுதானே, நான் திரும்பேல்லை. திருப்பியும் "லோசி!" எண்டு கேட்டுது, இந்த முறை ரெண்டு மூண்டு குரல்.

சிநேகிதி முழங்கையாலை இடிச்சாள். "உன்னைத்தான்."

"என்னையோ? லோசி எண்டால் என்ன?"

அவள் மெசினை நிப்பாட்டினாள். ஒரு சோக் கட்டியைப் பிடிக்கிற மாதிரி விரலைக் கூட்டி, காத்திலை, இல்லாத கரும்பலகையிலை, இடமிருந்து வலமா ஒரு கோடு எழுதினாள். பேந்து என்ரை நெஞ்சைத் தொட்டாள்.

எனக்குக் கண் மறைச்சுது. பின்னாலை ஒருத்தி வெள்ளை நூல் கட்டை கேட்டுக் கையை நீட்டிக்கொண்டு நிக்கிறாள், பாவம், அவளுக்கென்ன தெரியும். நான் நூல் கட்டையை எடுத்துக்கொண்டு எழும்பினன். பதினொரு வருஷமா அந்தக் கூப்பிடுதலுக்கு என்ன பதில் சொன்னனோ, அதுதான் வாயிலை வந்துது.

"ஓம் பிள்ளை, வாறன்."