வழிதவறிய அப்பா எந்தப் பஞ்சாயத்தில் இருந்தார்?

இரண்டு கண்களிலும் புரை நீக்கியதிலிருந்து, திருவண்ணாமலையை ஒருமுறை முழுசாகச் சுற்றி வர வேண்டும் என்று அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்கு எழுபத்திரண்டு வயது, சர்க்கரை வேறு. பௌர்ணமிக் கூட்டம் ஒத்துவராது என்று, போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டு நாள் விடுப்பு போட்டுவிட்டுக் கூட்டிப் போனேன். சென்னை கிளாம்பாக்கத்திலிருந்து பேருந்தில் நாலரை மணி நேரம் ஆனது. செங்கம் சாலையில், ஆசிரமத்துக்கு அருகே தொள்ளாயிரம் ரூபாய்க்கு அறை கிடைத்தது.

மறுநாள் காலை ஐந்தரைக்கு நடக்கத் தொடங்கினோம். கிரிவலப் பாதை மொத்தம் பதினான்கு கிலோமீட்டர். அப்பா வலப்பக்கம் மலையைப் பார்ப்பதும், "அந்தப் பாறை கூட தெரியுது பாரு" என்பதுமாக வந்தார். ஆதி அண்ணாமலை தாண்டி அவரை ஒரு மரத்தடியில் உட்காரவைத்துவிட்டு, எதிர்ப்பக்கம் இளநீர் வாங்கப் போனேன். அங்கே நாலைந்து பேர் காத்திருந்தார்கள். இளநீரோடு திரும்பினால் அப்பாவைக் காணோம். அவருடைய போன் என் கைப்பையில் இருந்தது.

முதலில் கோபம்தான் வந்தது. முன்னும் பின்னும் ஓடிப் பார்த்துவிட்டு வந்தபோது பயம் பிடித்துக்கொண்டது. மாத்திரை போட்டிருந்தார், காலையில் எதுவும் சாப்பிடவில்லை. மயங்கி எங்காவது விழுந்திருந்தால்?

மரத்துக்குப் பக்கத்திலிருந்த டீக்கடைப் பெண்மணி என்னைப் பிடித்து உட்காரவைத்தார். பெயர் விஜயா. போன தடவை அந்த ஊரில் வார்டு மெம்பராக இருந்தவராம். தன் ஊர் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டார். பத்து நிமிடம் ஆகியும் யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை.

"டவுன்ல யார்கிட்டயாவது சொல்லலாமாக்கா?" என்றேன்.

"இது டவுனு இல்லீங்கக்கா, பஞ்சாயத்து. இந்த ரோடு வரைக்கும்தான் எங்க ஊரு. அதோ, அந்த சந்துக்குள்ள போனா குக்கிராமம் ஒண்ணு இருக்கு, அது வேற பஞ்சாயத்து. எங்க குரூப்ல அவங்க இருக்க மாட்டாங்க."

எனக்கு எல்லாமே திருவண்ணாமலைதான். மாநகராட்சி ஓரிடத்தில் முடிந்துபோகிறது, அதற்கப்புறம் ஊராட்சிகள், ஒவ்வோர் ஊராட்சிக்குள்ளும் தனக்கென்று ஊராட்சி இல்லாத சின்னச் சின்னக் குடியிருப்புகள் என்பதெல்லாம் அன்றுதான் உறைத்தது. தண்ணீர், தெருவிளக்கு என்று எது கேட்டாலும் அந்தக் குடியிருப்புக்காரர்கள் இரண்டு கிலோமீட்டர் தள்ளி, ஊராட்சி அலுவலகம் இருக்கும் தாய்க்கிராமத்துக்குத்தான் போக வேண்டுமாம். கூப்பிடு தூரத்தில் இருக்கும் விஜயாவின் ஊருக்கு அவர்கள் வெளியூர்.

"இப்ப பதவி இல்லன்னாலும் நம்பர் இருக்குது" என்று விஜயா அந்தப் பக்கத்து ஊராட்சிச் செயலரைக் கூப்பிட்டார். செயலர் பேசியது எனக்குக் கேட்கவில்லை. விஜயாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வெள்ளை சட்டையா? கண்ணாடி போட்டிருக்காரா?" என்று என்னிடம் கேட்டார். தலையாட்டினேன். "இருக்காருக்கா! ஏரிக் கால்வாய்கிட்ட நூறு நாள் வேலை ஆளுங்களோட உக்காந்துனு இருக்காராம்."

அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன்.

விஜயாவின் ஸ்கூட்டியில் ஐந்து நிமிடம்தான். அப்பா பெண்களுக்கு நடுவே உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தார். கழிப்பறை தேடி அந்தச் சந்துக்குள் நுழைந்தவர், திரும்பும்போது வேறு தெருவில் இறங்கிவிட்டார். "டவுன்ல தங்கியிருக்கேன்" என்று அவர் சொல்ல, வேலையை மேற்பார்வையிடும் பெண்ணும் டவுன் போலீஸுக்கே போன் போட்டுத் தகவல் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்ணின் செய்தி ஒரு பக்கம் போக, என் செய்தி இன்னொரு பக்கம் போயிருக்கிறது. நடுவில் இருந்தது ஒரு சந்து.

"தாத்தாவுக்கு கை நடுங்கிச்சுங்க. அதான் மொதல்ல கூழு குடுத்தோம்" என்றார் அந்தப் பெண்.

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்து, "நீ எங்கம்மா காணாம போய்ட்ட?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

ஆட்டோவில் திரும்பலாம் என்றேன். அப்பா கேட்கவில்லை. நிதானமாக நடந்து பதினொன்றரைக்குச் சுற்றை முடித்தோம்.

பெரியவர்களோடு போகிறவர்களுக்கு: பௌர்ணமி அல்லாத நாளில், வெயிலுக்கு முன் கிளம்புங்கள். போனை அவர்கள் சட்டைப் பையிலேயே வையுங்கள். கழிப்பறை வேண்டுமா என்று நீங்களாகக் கேளுங்கள், கூச்சத்தில் அவர்கள் சொல்ல மாட்டார்கள். ஏதாவது ஆகிவிட்டால் "திருவண்ணாமலையில் இருக்கிறேன்" என்பது போதாது. பக்கத்துக் கடையில் இது எந்தப் பஞ்சாயத்து என்று கேளுங்கள், சாலைக்கு அந்தப் பக்கம் எது என்பதையும் சேர்த்து. வரைபடத்தில் அந்த எல்லைக்கோடு தெரியாது. அங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும், அதைத் தாண்டி யாரைக் கூப்பிட வேண்டும் என்பதும்.