முழங்கை பட்ட இடம்

செத்துப்போனவர்களின் முகத்தைத் துடைத்துக் கொடுப்பதுதான் தொண்ணூறுகளில் எனக்குப் பிழைப்பு. கோவில்பட்டியில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் டச்சிங் வேலை. கருமாதி நெருங்கும்போது யாராவது ஒரு பழைய கல்யாண போட்டோவைக் கொண்டுவந்து, பந்தல்காலுக்குப் பக்கத்தில் பாதி மறைந்து நிற்கிற ஆளைக் காட்டி, இவரைப் பெரிதாக்கிக் கொடுங்கள் என்பார்கள். பெரிதாக்கினால் அம்மைத் தழும்பும் பெரிதாகும், மூக்கோரத்து மருவும் பெரிதாகும். ஏர்பிரஷ்ஷில் சாம்பல் நிறத்தை ஊற்றிப் புகைபோலத் தூவி அத்தனையையும் மறைப்பேன். உயிரோடு இருந்த காலத்தில் அந்த மனுஷனுக்கு வாய்க்காத முகம் செத்தபிறகு வாய்க்கும். வீட்டுக்காரர்களுக்குத் திருப்தி. எனக்கு எப்போதும் ஒரு எரிச்சல் இருக்கும், இது யார் முகம் என்று.

அப்பா ஒரு தீப்பெட்டி ஆபீஸ் முதலாளியிடம் டிரைவராக இருந்தார். பழுப்புக் கலந்த வெள்ளை நிறத்தில் ஒரு அம்பாசடர். எனக்கு நினைவு தெரிந்தபோதே அந்த வண்டியில்தான் இருந்தார். எங்கள் வீட்டுத் திருவிழா, சாவு துஷ்டி எதற்கும் நேரத்துக்கு வந்ததில்லை. முதலாளி வீட்டில் ஒருவருக்குத் தும்மல் வந்தாலும் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்கு வண்டி எடுத்தவர். அம்மா பிள்ளைத்தாய்ச்சியாக ஆஸ்பத்திரிக்குப் போனது மாட்டுவண்டியில்.

அந்தக் காலத்து வண்டியில் ஏசி ஏது? கரிசல்காட்டு வெயிலில் கண்ணாடியை இறக்கிவிட்டு, வலது முழங்கையைக் கதவின் மேல் வைத்துக்கொண்டுதான் எல்லா டிரைவரும் ஓட்டுவார்கள். அப்பாவும் அப்படித்தான் ஓட்டினார். வேர்வையும் சட்டைத்துணியும் சேர்ந்து உரசி உரசி, டிரைவர் கதவின் மேல்விளிம்பில் பெயிண்ட் தேய்ந்துவிட்டது. நடுவில் தகரம் பளபளவென்று தெரியும். அதைச் சுற்றிச் செங்காவி பிரைமர். அதற்கப்புறம்தான் வெள்ளை. சின்னப்பிள்ளையில் வண்டி நிற்கும்போது அந்த இடத்தைத் தொட்டுப்பார்ப்பேன், சுடும். அந்த வண்டியில் எங்களுக்கு என்று சொல்லிக்கொள்ள இருந்தது அது ஒன்றுதான்.

பிறகு வண்டியை முதலாளி விற்றுவிட்டார். கயத்தாறு பக்கத்து ஆள் ஒருவர் வாங்கினார். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வா என்று அப்பாவையே அனுப்பினார்கள். அப்பா ஓட்டிக்கொண்டு போய்ச் சாவியைக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் திரும்பி வந்தார். புதிதாக ஏசி வண்டி வந்தது, அதற்கு இளவட்டமாக ஒரு டிரைவரும் வந்தான். அப்பாவைத் தீக்குச்சி குடோனுக்குக் காவலாகப் போட்டார்கள். வேலையை விட்டு அனுப்பாமல் வைத்திருக்கிறார்களே, அந்தப் பெருந்தன்மையைப் பார் என்று அப்பா எங்களிடம் சொன்னார். ராஜாவை மிஞ்சிய ராஜவிசுவாசி.

குடோன் வாசலில் அவருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. கை வைக்க இருபுறமும் வசதியான நாற்காலி. அவரோ இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் அடிவாங்கிய பையன்போல உட்கார்ந்திருப்பார். வீட்டிலும் அப்படித்தான் உட்காருவார். அது ஏன் என்று நான் கேட்டதில்லை. வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வண்டியை அவருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி வந்தது. உள்ளங்கை நீளத்துக்காவது கொடுக்க வேண்டும், அது எங்கள் வீட்டில் டிவி மேல் இருக்க வேண்டும், அப்பா அதைத் தன் வண்டி என்று ஒருதரமாவது சொல்ல வேண்டும். மதுரைக்குப் போனபோது நடைபாதையில் ஒரு அம்பாசடர் பொம்மை கிடைத்தது. பிளாஸ்டிக் இல்லை, உலோகம். கறுப்பும் மஞ்சளுமாக டாக்சி நிறம். பொம்மை மலிவுதான். அதன் பின்னால் நான் வாங்கிய பெயிண்டும் தின்னரும் உப்புத்தாளும்தான் விலை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

பிரேக் ஆயிலில் ஊறப்போட்டுப் பழைய பெயிண்டை உரித்தேன். ஸ்டுடியோவில் கம்ப்ரசர் ரிப்பேராகிக் கிடந்ததால் ஒரு லாரி டியூப்பைப் பஞ்சர் கடையில் காற்றடைத்து உருட்டிக்கொண்டு வருவேன். அதில் குழாயை மாட்டினால் ஏர்பிரஷ்ஷுக்குக் காற்று. டியூப் தளர்ந்துவிட்டால் பிரஷ் தூவாது, துப்பும். அதற்குள் கையை எடுத்துவிட வேண்டும். இந்த ஊரில் ஆடிக்காற்றில் வெளியே வைத்து ஒன்றையும் அடிக்க முடியாது, ஈரப் பெயிண்டில் கரிசல் புழுதி மிளகுத்தூள் போட்டதுபோல விழும். காற்று ஓயும்வரை பொறுத்திருந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டுடியோ டார்க் ரூமில் தரையெல்லாம் தண்ணீர் தெளித்துவிட்டு அடித்தேன். போட்டோ பேப்பரெல்லாம் தின்னர் நாறுகிறது என்று ஸ்டுடியோ அண்ணாச்சி சத்தம் போட்டார். போடட்டும் என்று இருந்துவிட்டேன்.

நிறம் பிடிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. வண்டியோ கையைவிட்டுப் போய்விட்டது. முதலாளி வீட்டு கேட் தூணில் அந்த வண்டி உரசிய கோடு ஒன்று இருந்தது. அவர் மகன் ஓட்டிப் பழகும்போது உரசியது. அதற்கு அந்த வீட்டில் யாரும் யாரையும் திட்டியதில்லை, பையன் நன்றாக வளைக்கிறான் என்று சிரித்தார்கள். ஒரு அட்டையில் கலவையைத் தடவிக்கொண்டு போய், வழிப்போக்கன்போல அந்தத் தூணருகே நின்று ஒப்பிட்டுப் பார்ப்பேன். வெள்ளையில் மஞ்சள் ஒரு சொட்டு, கறுப்பு ஊசிமுனையளவு. மூன்றாம் முறை போனபோது ஒத்துவந்தது.

கண்ணாடி, பம்பர், விளக்கு எல்லாவற்றையும் செல்லோடேப்பால் மறைத்தேன். டேப்பை அப்படியே ஒட்டினால் உரிக்கும்போது அடியிலுள்ள பெயிண்டையும் சேர்த்துக்கொண்டு வரும். அதனால் முதலில் முன்கையில் ஒட்டி ஒட்டி எடுத்துப் பசையைக் கொஞ்சம் கொல்ல வேண்டும். என் கையில் முடி இல்லாமல் போனதுதான் மிச்சம். டிரைவர் கதவுக்குத் தனியாக யோசித்தேன். விளிம்பில் உளுந்தளவு டேப்பை ஒட்டிச் செங்காவி அடித்தேன். அது காய்ந்ததும், டேப்பைச் சுற்றித் தண்ணீர் தொட்டு, அம்மாவின் உப்புச்சாடியில் இருந்து பொடி உப்பு தூவினேன். அதன் மேல் வெள்ளையை அடித்தேன். பிறகு பல் பிரஷ்ஷால் தட்டினால் உப்பு உதிர்ந்து, அந்த இடங்களில் செங்காவி ஓரம் ஓரமாக எட்டிப்பார்த்தது. டேப்பை எடுத்ததும் நடுவில் உலோகம் மின்னியது. அப்பாவின் முழங்கை அப்படியே இருந்தது. நான் அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. அத்தனை நாள் தழும்பை மறைத்தே சம்பாதித்த கை, முதல்முறையாக ஒரு தழும்பை உண்டாக்கியிருந்தது.

எனாமல் பெயிண்ட் தொட்டால் ஒட்டாது என்பதால் காய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. மேலே ஆடை கட்டியிருக்கும், உள்ளே இளசாகத்தான் இருக்கும். ஒரு மாதமாவது இறுக வேண்டும். மொட்டைமாடியில் எவர்சில்வர் சருவத்தைக் கவிழ்த்து அதற்குள் வைத்தேன். சோறு வடிக்கச் சருவம் இல்லை என்று அம்மா தினமும் ஏசினாள். கடைசியில் அப்பாவிடமும் சொல்லிவிட்டாள். அவர் மாடிக்குப் போய்ச் சருவத்தைத் தூக்கிப் பார்த்திருக்கிறார்.

அன்று நான் ஸ்டுடியோவிலிருந்து வரும்போது பொம்மை இல்லை. முதலாளியிடம் காட்டக் கொண்டுபோயிருக்கிறார் என்று அம்மா சொன்னாள். பொழுது சாய அப்பா அதைத் துண்டில் பொதிந்து திரும்பக் கொண்டுவந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். முதலாளி கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம், நம்பர் பிளேட்வரைக்கும் படித்தாராம், ஆபீஸ் ஷோகேஸில் வைக்க வேண்டும் என்று கேட்டாராம். நான் உங்களுக்காகச் செய்தது, நம் வீட்டில் இருக்கட்டும் என்றேன். அவர் நான் ஏதோ திருட்டுப்பொருளை வைத்திருக்கச் சொன்னதுபோலப் பார்த்தார்.

"அவிய வண்டி. நாம வச்சுக்கிட்டு என்னலே செய்யப்போறோம்?" என்றார். "கதவுல மட்டும் பெயிண்ட் உதிந்திருக்காம். அதச் சரிபண்ணிக் கொண்டாரச் சொல்லிட்டாவ."

அது உதிரவில்லை, நான்தான் போட்டேன், அது நீங்கள் கை வைத்த இடம் என்றேன். அத்தனை வருஷம் அந்தக் கதவைத் திறந்த ஆள் யாரென்று முதலாளிக்குத் தெரியாமல் இருக்கலாம், உங்களுக்குமா தெரியவில்லை என்று கத்தினேன்.

அப்பா கத்தவில்லை. பொம்மையைக் கட்டிலில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். கை இரண்டும் மடிக்குப் போனது.

"பாத்த ஒடனே எனக்குத் தெரிஞ்சுபோச்சுலே" என்றார். "அவிய மக கல்யாணத்துக்கு மாப்பிள்ள வீட்டு ஆளுவள ஏத்தப் போயிருந்தேன். சம்பந்தக்காரவிய அந்த எடத்தப் பாத்துட்டு, என்ன அண்ணாச்சி வண்டி இப்பிடித் தேஞ்சு கெடக்குன்னு கேட்டுட்டாவ. மொதலாளி அத்தன பேருக்கு முன்னாடி, இனிமே ஒன் முழங்கைய வீட்டுல வச்சுட்டு வந்து வண்டி ஓட்டுன்னு சொல்லிட்டாவ. எல்லாரும் சிரிச்சாவ. அன்னைக்கு உள்ள இழுத்த கைதான். அத எதுக்குலே பொம்மையில போட்டு ஊருக்கே காட்டுதெ?"

நான் பெருமை என்று உப்புப் போட்டு எடுத்தது அவருக்கு அவமானம். சொன்ன முதலாளிக்கு அது நினைவில்கூட இல்லை, அவருக்கு அது வெறும் உதிர்ந்த பெயிண்ட். பட்டவர் இத்தனை வருஷமாகக் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

பிறகு அவரே, தணிந்த குரலில், கெஞ்சுவதுபோலக் கேட்டார். "செத்தவன் மூஞ்சில இருக்க அம்மத் தழும்பெல்லாம் அழிச்சுக் குடுக்கெ. இது ஒன்னால முடியாதா?"

முடியும், செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டு எழுந்துபோனேன். அது தேய்ந்தது வண்டியின் குற்றமும் இல்லை, உங்கள் குற்றமும் இல்லை என்றும் சொன்னதாக நினைவு. அவர் காதில் விழுந்ததா என்று தெரியாது.

மறுநாள் பொம்மை மறுபடியும் இல்லை. நான் அப்பாவிடம் கேட்கவில்லை. அந்தக் கதவோடு அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார் என்று நம்பினேன். உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசத் தெரியாத மனுஷன், முதலாளியின் கண்ணாடி அலமாரியிலேயே தன் முழங்கையை ஊன்றிவிட்டு வந்திருக்கிறார் என்று எனக்கு நானே கதை சொல்லிக்கொண்டேன்.

சரஸ்வதி பூஜைக்கு அந்தத் தீப்பெட்டி ஆபீஸில் போட்டோ எடுக்க ஸ்டுடியோவிலிருந்து என்னைத்தான் அனுப்பினார்கள். மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம், புதுக்காருக்கு மாலை, டயருக்கடியில் எலுமிச்சம்பழம். முதலாளி தன் அறையில் சாமி படத்தோடு சேர்த்து ஷோகேஸையும் ஒரு படம் எடுக்கச் சொன்னார். கேமராவைக் கண்ணில் வைத்தபோதுதான் பார்த்தேன்.

டிரைவர் கதவில் சுண்ணாம்பு அப்பியதுபோல ஒரு வெள்ளைத் திட்டு. பழுப்புக் கலந்த என் வெள்ளை இல்லை, வெறும் வெள்ளை. தடவிய பிரஷ்ஷின் கோடுகள் தெரிந்தன. உள்ளே இறுகாத பெயிண்டை அது அரித்திருந்தது. கதவு முழுக்கத் தோல் சுருங்கி, தீக்காயம் ஆறியதுபோல இருந்தது. உளுந்தளவு இருந்த தழும்பு இப்போது கதவளவு. அந்த அறைக்கு வந்துபோன எவருக்கும் முதலில் கண்ணில் படுவது அதுவாகத்தான் இருந்திருக்கும். உள்ளே வைத்த பிறகு முதலாளி அதை ஒருதரம்கூட உற்றுப் பார்த்திருக்க மாட்டார்.

அப்பா எனக்குப் பின்னால் வந்து நின்றார். புதுச்சட்டை, நெற்றியில் சந்தனம். காதருகே குனிந்து ரகசியமாகச் சொன்னார்.

"கணக்கப்பிள்ளைட்ட ஒயிட்னர் வாங்கித் தடவுனேன்லே. தெரியவே இல்ல, பாத்தியா?"

முதலாளி மேல் எனக்கு வந்த கோபம் அன்றைக்கே பழசாகிவிட்டது. அப்பா மேல் வந்த கோபம் அவர் போய்ச் சேர்ந்த பிறகும் ஆறவில்லை. ஆனால் அப்போது அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லப்பா. தெரியல" என்றேன்.

அவருக்கு நிம்மதியானது. எல்லாருக்கும் பொரிகடலை கொடுத்து உட்காரச் சொன்னார்கள். அப்பா ஷோகேஸுக்கு நேராக ஒரு நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தார். பொரிப் பொட்டலத்தோடு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார்.