ஓசி சாமான்

உதவி செய்ய வந்தவரைத் திட்டக்கூடாது என்று நினைத்திருந்தவள் நான். போன மாசி மகத்தன்று அந்த நினைப்பு தொலைந்தது.

எங்கள் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் புது விண்டோஸ் ஏறாது என்றார்கள். வீடியோ பார்த்து நானே லினக்ஸ் போட்டேன். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று, செய்தவர்களே இலவசமாகக் கொடுக்கிற சிஸ்டம் அது. விருத்தாசலம் செராமிக் கம்பெனிகளுக்கு, கப்பில் ஒட்டும் பூ டிசைன்களை அதில்தான் வரைந்து கொடுத்து வந்தேன்.

திருவிழாவுக்கு வந்த கொழுந்தனார் எல்லார் முன்னாலும் சிரித்தார். கடலூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர்.

"என்ன அண்ணி, ஓசி சாமானைப் போட்டு வச்சிருக்கீங்க!"

நான் வடை சுடப் போய்விட்டேன். காபியோடு திரும்பி வந்தால் திரையில் ஏதோ பழைய விண்டோஸ்! என்னைக் கேட்காமலே எல்லாவற்றையும் அழித்துவிட்டு, கடையில் ஊருக்கெல்லாம் போடுகிற திருட்டுக் காப்பியை ஏற்றியிருக்கிறார். என் பூ ஒன்றுகூட மிச்சமில்லை.

"நல்லதுக்குத்தானே செஞ்சான், வுடும்மா" என்றார் மாமியார்.

காபியை டக்கென்று மேசையில் வைத்தேன்.

"ஏன் தம்பி, அவங்களா குடுக்குறத வாங்குனா கேவலம், நீங்க திருடிப் போட்டா கௌரவமா? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அவர் சாப்பிடாமல் கிளம்பினார். எல்லோருக்கும் என் மேல்தான் வருத்தம். இருக்கட்டும்.

லினக்ஸை மறுபடியும் நானே ஏற்றினேன். பூக்களை இன்னும் வரைந்துகொண்டிருக்கிறேன். அடுத்த முறை வந்தவர், பழையபடி கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார்.

"பாஸ்வேர்டு என்னங்க அண்ணி?"

"அது ஓசியில கிடைக்காது தம்பி."