ஏழாவது பெயர்

பாளையங்கோட்டையில் பாங்கு ஒன்று தொடங்குவதென்று ஆறு பேர் கூடித் தீர்மானித்தபோது, அவர்களில் மூத்தவரான வக்கீலிடம் நான் குமாஸ்தாவாக இருந்தேன். புதிய கம்பெனிச் சட்டம் அமலுக்கு வந்திருந்த சமயம் அது. பத்திரத்தில் ஏழு பேர் கையெழுத்திட வேண்டும். ஆளுக்கு ஒரு பங்காவது எடுக்க வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஊரும் தொழிலும் இருக்க வேண்டும். சென்னையில் கம்பெனி ரிஜிஸ்திரார் அதைப் பார்த்துச் சான்று கொடுத்தால்தான் பாங்கு பிறந்ததாகக் கணக்கு.

ஏழாவது ஆள் கிடைக்கவில்லை. சில வருஷங்களுக்கு முன் சென்னையில் பெரிய கம்பெனி ஒன்று முறிந்த பயம் ஊரைவிட்டுப் போகவில்லை. கேட்டவர்களெல்லாம் பைய நழுவினார்கள். ஒரு மாதம் அலைந்த பிறகு வக்கீல் என்னைக் கூப்பிட்டு, "யாரையாவது பிடிச்சிட்டு வாரும்வே. பாங்கு நடந்தா அதுல உமக்கு ஒரு மேசை உண்டு" என்றார்.

ராதாபுரம் பக்கத்தில் என் அக்காவைக் கட்டிக் கொடுத்திருந்தோம். அத்தான் பனையேறுகிறவர். போய்க் கேட்டேன். அவர் ஒன்றுதான் கேட்டார்.

"மாப்ள, நம்ம ஆளுகளுக்கும் அங்கன கடன் குடுப்பாங்களா?"

"குடுப்பாங்க அத்தான்."

"அப்ப போடுதேன்."

கைநாட்டு போதும் என்று சொன்னேன். அவர் ஒப்பவில்லை. அக்கா மிஷன் பள்ளியில் நாலாம் வகுப்புவரை படித்தவள். பத்து நாளில் அவர் பெயரை எழுதப் பழக்கிவிட்டாள். வேறு ஓர் எழுத்தும் அவருக்குத் தெரியாது.

அது பதநீர்க் காலம். ஒரு நாள் ஏறிச் சீவாவிட்டால்கூடப் பதநீர் சுரக்கும் பாளை கெட்டுவிடும். தம் மரங்களை இன்னொருவர் பொறுப்பில் விட்டுவிட்டு வண்டியேறி வந்தார். வக்கீல் வீட்டு மேசைமுன் உட்கார மாட்டேன் என்று நின்றபடியே குனிந்து எழுதினார். பேனா இரண்டு தடவை காகிதத்தைக் கீறியது. தொழில் எழுத வேண்டிய இடம் வந்ததும் நான் மெதுவாக, "கருப்பட்டி வியாபாரம்னு போட்டுருவோமா அத்தான்?" என்றேன்.

"ஏன், சர்க்கார் பொய் எழுதச் சொல்லுதா?"

"இல்ல."

"பெறவு என்ன? பனையேத்துன்னே போடு."

அப்படியே எழுதினேன். அவர் சந்தோஷமாக ஊருக்குத் திரும்பினார்.

பத்திரம் சென்னைக்குப் போகுமுன், முதலில் மறுத்திருந்த ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் தாமாகவே வந்து சேர்ந்தார். அன்று மாலை ஆறு பேரும் அத்தானின் பெயரைப் பற்றிப் பேசினார்கள்.

"பனையேறுதவன் பேரப் பாத்தா எவன்வே நம்பி இங்கன பணம் போடுவான்?" என்றார் ஒருவர்.

மற்றவர்கள் தலையாட்டினார்கள். சட்டம் ஏழு பேர் வேண்டுமென்றுதான் சொன்னது. எட்டுப் பேர் இருக்கக் கூடாதென்றோ, பனையேறுகிறவர் கூடாதென்றோ எங்கும் சொல்லவில்லை. அந்தப் பிரிவுகளைப் படித்துக் குறிப்பெடுத்தவனே நான்தான். வாயைத் திறக்கவில்லை. வக்கீல் புது முத்திரைத்தாளை என் பக்கம் நகர்த்தினார். அதே வாசகங்களை அதே கையால் திரும்ப எழுதினேன். ஏழாவது இடத்தில் ஜவுளிக்கடைக்காரர் கையெழுத்துப் போட்டார்.

அத்தானுக்கு எழுதியாவது தெரிவித்திருக்கலாம். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன்.

சான்று வந்தது. திறப்பு நாளைப் பற்றி யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, அக்காவும் அத்தானும் வெளுத்த வேட்டியும் கல்யாணப் புடவையுமாக வந்து நின்றார்கள். வந்தவர்களுக்கெல்லாம் தமிழில் அச்சடித்த விதிப் புத்தகம் கொடுத்தார்கள். அதன் கடைசிப் பக்கத்தில் ஏழு பெயர்கள். அத்தான் வாசலோரம் நின்று ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து புரட்டினார்.

"மாப்ள, எம் பேரு எங்கன இருக்கு?"

அக்கா புத்தகத்தை வாங்கிக் கடைசிப் பக்கத்தைப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏல, நீதான எழுதுன?"

"ஆமாக்கா."

"சரி, விடு" என்று அத்தான்தான் குறுக்கே பேசினார். "அவனுக்கு என்ன நெருக்கடியோ. நீ வா, வண்டிக்கு நேரமாச்சு."

அவர் கோபப்பட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். சந்தனமும் கற்கண்டும் எடுத்துக்கொள்ளாமல் இருவரும் இறங்கிப் போனார்கள். உள்ளே என் பெயரைச் சொல்லி யாரோ கூப்பிட்டார்கள். போனேன்.

சொன்னபடி எனக்கு மேசை கிடைத்தது. அதை வைத்துப் பிழைத்தேன், கல்யாணம் செய்துகொண்டேன். கல்யாணத்துக்கு அவர்கள் வரவில்லை. நானும் நேரில் போய் அழைக்கவில்லை. கடிதம் மட்டும் போட்டேன்.

உலக யுத்தம் முடிகிற வருஷம் விஷக்காய்ச்சல் பரவியபோது அத்தான் இறந்துபோனார். எனக்குச் சொல்லியனுப்பவில்லை. கருப்பட்டி ஏற்றிவந்த வண்டிக்காரர் சந்தையில் சொல்லித்தான் தெரிந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்து மூன்று நாளாகியிருந்தது. அக்கா என்னைக் கண்டு அழவில்லை. பாயை விரித்துவிட்டு, தூரத்திலிருந்து வந்த யாரோ ஒருவரிடம் கேட்பதுபோல், "சாப்பிட்டுட்டுப் போறீங்களா?" என்றாள்.

பிறந்ததிலிருந்து என்னை "ஏல" என்று கூப்பிட்டவள். சாப்பிட்டேன். அவள் பரிமாறிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் புறப்படும்வரை வெளியே வரவில்லை.